கேட்டால்தான் கிடைக்கும்

அத்தியாயம் 7: ஜெர்மனியில் முதல் செமஸ்டர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாக இருந்தது தருமபுரி, 68.5 சதவீதம். அன்றைக்குத் தொடக்கப்பள்ளியில் இருந்த பிள்ளைகள் இன்று செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலும், தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலும், சேலம், கோவை, பெங்களூருக் கல்லூரிகளிலும் பட்டம் முடித்து, மேற்படிப்புக்கு வெளிநாடு போகலாமா என்று யோசிக்கிறார்கள். அவர்களில் பலர் தாலுகா அலுவலகத்தில் முதல் பட்டதாரிச் சான்று வாங்கிய வீட்டுப் பிள்ளைகள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சித்தப்பாவோ மாமாவோ அந்த வீடுகளில் இல்லை. ஏஜென்ட் விசா கைக்கு வந்ததும் ஒதுங்கிவிடுவார். அதற்குப் பிறகு வரும் ஆறு மாதங்களைப் பற்றியது இந்த அத்தியாயம்.

ஜெர்மனியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பணம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டர் தோறும் ஒரு சிறு தொகை மட்டும் கட்டினால் போதும். விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுகலைக்கு ஒரு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. மற்ற இடங்களில் உங்கள் செலவு என்பது தங்குவதும் சாப்பிடுவதும்தான். காடு கழனியை அடமானம் வைத்துப் படிக்க அனுப்பும் குடும்பத்துக்கு இது பெரிய வேறுபாடு.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் இந்த அத்தியாயத்தில் பாதி படித்த மாதிரி. நம் வகுப்பறையில் சந்தேகம் வந்தாலும் வாயைத் திறக்காமல் இருந்தால் அடக்கமான பிள்ளை என்று பேர். அங்கே வாய் திறக்காதவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, எந்தச் சிக்கலும் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். யாரும் தேடி வந்து விசாரிக்க மாட்டார்கள். போய்க் கேட்டாலோ, பெரும்பாலும் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள். வீடு, வங்கி, மருத்துவர், பேராசிரியர் என்று எங்கே போனாலும் இதுதான் கதை.

புறப்படும் முன்: பெயர், பெட்டி, பயணம்

முதலில் பெயர். மார்க் ஷீட்டில் 'மு. கவிதா' என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, குடும்பப் பெயர் முருகன் என்றிருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். ஜெர்மனியில் எல்லாப் படிவத்திலும் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். பல்கலைக்கழகத்துக்கு ஒரு மாதிரி, வங்கிக்கு ஒரு மாதிரி எழுதினால் இரண்டு அலுவலகங்களும் உங்களை இரண்டு ஆட்களாகப் பார்க்கும். விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே வரிசை, அதே எழுத்துகள் எல்லா இடத்திலும் இருக்கட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் எழுத்து வித்தியாசம் இருந்தால் இங்கிருக்கும்போதே திருத்திவிடுங்கள். அங்கே உங்களை 'திருமதி முருகன்' என்று அப்பா பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். திகைக்காமல் பதில் சொல்லுங்கள்.

அடுத்தது பெட்டி. இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே வீட்டு நெய், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு எதுவும் வேண்டாம். மாம்பழம், பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அது நம்மால் ஆகாத காரியம். கேழ்வரகு மாவு, கொட்டை எடுத்த புளி, மிளகாய்த்தூள், மசாலாப் பொடி தாராளமாகக் கொண்டுபோகலாம். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால், மூன்று மாதத்துக்கு மிகாமல், ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். கனமான குளிர் கோட்டு இங்கே வாங்க வேண்டாம். நம் கடைகளில் கிடைப்பது அந்தக் குளிருக்குத் தாங்காது. அங்கே பழைய துணிக் கடைகளில் நல்லது மலிவாகக் கிடைக்கும். அசல் சான்றிதழ்கள், சேர்க்கைக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் (விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு) உறுதிச் சீட்டு, காப்பீட்டுத் தாள், வாடகை ஒப்பந்தம் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடவே கூடாது.

பயணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நமக்குப் பக்கத்துப் பன்னாட்டு விமான நிலையம் பெங்களூரு. ஆனால் கெம்பேகவுடா விமான நிலையம் இருப்பது நகரத்தின் வடக்கே தேவனஹள்ளியில். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கிலிருந்து போகும் நீங்கள் முழு நகரத்தையும் கடந்தாக வேண்டும். ஐரோப்பா விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புபவை. முந்தைய நாள் மத்தியானமே தருமபுரியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். வழியனுப்ப வரும் உறவினர்களுக்காகக் காத்திருந்து சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: வரிசை முக்கியம்

ஜெர்மனியில் ஒரு தாள் இருந்தால்தான் அடுத்த தாள் கிடைக்கும். வரிசை தப்பினால் எல்லாம் நின்றுவிடும். இந்த வரிசையில் போங்கள்:

1. நகராட்சிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்; இதற்குப் பெயர் அன்மெல்டுங். பாஸ்போர்ட்டோடு, 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவமும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. சாவி வாங்கும்போதே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரிய நகரங்களில் சந்திப்பு நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். ஊரிலிருந்தே இணையத்தில் பதிவு செய்யப் பாருங்கள்.

2. தபால் பெட்டி. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் அடுக்குமாடிகளில் நம் ஊர் போல 'இரண்டாவது மாடி, 4-ஆம் நம்பர்' என்று முகவரி எழுதும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் இன்னொரு உறையில், காப்பீட்டு அட்டை, வரி எண் என எல்லாம் தபாலில்தான் வரும். பெட்டியில் உங்கள் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். கடிதம் இன்னும் வரவில்லை என்று நினைத்து நீங்கள் காத்திருப்பீர்கள். போய்ச் சேர்ந்த அன்றே ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதிப் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிடுங்கள்.

3. மருத்துவக் காப்பீடும் சேர்க்கையும். காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகம் சேர்க்காது. 30 வயதுக்குக் கீழுள்ள மாணவருக்குப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் சலுகைக் கட்டணம். மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டுக்குப் போனால் படிப்பு முடியும்வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது மிகக் கடினம்.

4. வங்கிக் கணக்கு. நகராட்சிப் பதிவுத் தாளைக் காட்டி நடப்புக் கணக்கு திறந்தால்தான் பிளாக்டு அக்கவுண்டில் போட்ட பணம் மாதாமாதம் வெளியே வரும். முதல் மாதப் பணம் வந்து சேரும்வரை கைச்செலவுக்குத் தனியாகக் கொஞ்சம் வைத்திருங்கள்.

5. வதிவிட அனுமதி. நுழைவு விசா சில மாதங்களுக்குத்தான். அது முடிவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதமே எழுதிக் கேளுங்கள். அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். விசா முடியும் முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை தங்க இடைக்காலச் சான்று தருவார்கள். முடிந்த பிறகு போய் நின்றால் சிக்கல்தான்.

6. இந்தியத் தூதரகப் பதிவு. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மாணவர் விவரத்தைப் பதிந்துவிடுங்கள். தூதரகம் பெர்லினில், துணைத் தூதரகங்கள் பிராங்பேர்ட், ஹாம்பர்க், மியூனிக் நகரங்களில். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற விவரம் எவ்வளவு முக்கியம் என்பதை அங்கே படித்த நம் மருத்துவ மாணவர்களின் குடும்பங்கள் நேரில் உணர்ந்தன.

வீடும் அக்கம்பக்கமும்

அரசு சார்ந்த மாணவர் விடுதிதான் மலிவு. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அதற்கு விண்ணப்பியுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம். தனியார் அறை என்றால் முன்பணம் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று யாராவது எழுதினால் அது மோசடி. அறையைப் பார்க்காமல், அல்லது அங்கே படிக்கும் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லாமல், ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சத்தம் கூடாது. மிக்ஸி போடுவதும், பால்கனியில் நின்று ஊருக்குச் சத்தமாகப் போன் பேசுவதும் புகாருக்கு இடம் கொடுக்கும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். அரிசி, காய்கறியைச் சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். குப்பையைத் தாள், பிளாஸ்டிக், மக்கும் குப்பை, மீதி என்று பிரித்துப் போட வேண்டும். எந்த நிறப் பெட்டியில் எது என்று பக்கத்து அறைக்காரரிடம் முதல் நாளே கேளுங்கள். தண்ணீர், குளிர்பான பாட்டில் பலவற்றுக்கு 25 சென்ட் வைப்புத் தொகை சேர்த்து வாங்குகிறார்கள். காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் பணம் திரும்ப வரும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

குடியேறிய சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டி.வி. இல்லை என்று கிழித்துப் போடாதீர்கள், டி.வி. இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். யார் பெயரில் கட்டுகிறார்கள் என்று கேட்டு, அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைப் பதிலில் எழுதுங்கள்.

தமிழ்ப் பையன்கள், தமிழ்ப் பெண்கள் சேர்ந்து வீடு எடுப்பது வழக்கம். நல்லதுதான். ஆனால் 'நீங்க எந்த ஊரு, எந்தப் பக்கம்' என்று சுற்றி வளைத்துச் சாதி விசாரிக்கும் பழக்கம் அங்கேயும் வந்துவிடுகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள். அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பணம்

பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். மாதம் 992 யூரோ வெளியே வரும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை இது. விண்ணப்பிக்கும் முன் தூதரக இணையதளத்தில் சரிபாருங்கள். இந்தப் பணத்துக்குள் வாழ முடியுமா என்பதைத் தீர்மானிப்பது ஊர். மியூனிக்கில் ஒரு அறைக்கு 700 யூரோவுக்கு மேல் போவது சாதாரணம். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் ஏறத்தாழ அதில் பாதி. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் ஊரின் வாடகையையும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்ட முடிந்தால் பின்னால் பெரிய சுமை குறையும். கட்டும் வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் எட்டு ஆண்டுகள்வரை விலக்கு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் வழங்கும் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையும் இருக்கின்றன. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமப் பிள்ளைகள் கடன் வாங்கும் முன் இவற்றை விசாரிக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

பகுதிநேர வேலைக்குச் சட்டம் இடம் தருகிறது: ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. அதற்குக் குறைத்து, கணக்கில் காட்டாமல் கையில் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். மாட்டினால் பாதிக்கப்படுவது உங்கள் வதிவிட அனுமதி. முதல் செமஸ்டரில் முடிந்தவரை வேலையைத் தள்ளிப் போடுங்கள். ஊரில் கடன் இருக்கும்போது இது கஷ்டம்தான். ஆனால் ஒரு பாடத்தில் தவறி ஒரு செமஸ்டர் கூடினால் ஆறு மாத வாடகையும் சாப்பாடும் கூடும். கிடங்கில் பெட்டி தூக்கிச் சம்பாதித்தது அதிலேயே போய்விடும்.

பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் நகராட்சி, மருத்துவர், வீட்டுக்காரர், வேலை எல்லாம் ஜெர்மனில். ஜெர்மன் கற்பிக்கும் சென்னை கதே இன்ஸ்டிட்யூட் இணைய வழியிலும் வகுப்பு நடத்துகிறது. ஏ2 நிலைவரையாவது முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வகுப்பறை

கால அட்டவணையில் '10 சி.டி.' என்று போட்டிருந்தால் வகுப்பு 10.15-க்கு. 'எஸ்.டி.' என்று போட்டிருந்தால் சரியாக 10 மணிக்கு. இது பழைய பல்கலைக்கழக வழக்கம். வேறு எந்தச் சந்திப்புக்கும் கால் மணி நேரச் சலுகை கிடையாது. 5 நிமிடம் தாமதம் என்றாலும் செய்தி அனுப்புங்கள்.

நம் பாடத்திட்டத்தில் யூனிட் டெஸ்ட், அசைன்மென்ட், வருகைப் பதிவு என்று செமஸ்டர் முழுக்க யாராவது முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு 40 சதவீதம் உள்மதிப்பீடு. ஜெர்மனியில் பல பாடங்களுக்கு வருகைப் பதிவே இல்லை. அக்டோபரில் தொடங்கிய படிப்புக்குப் பிப்ரவரியில் ஒரே தேர்வு, அதுவே முழு மதிப்பெண். கேட்க ஆள் இல்லாததால் டிசம்பர்வரை எல்லாம் நன்றாகப் போவது போலத் தோன்றும். ஜனவரியில்தான் உண்மை தெரியும்.

அதனால் ஒவ்வொரு வாரமும் வரும் பயிற்சித் தாளை உயிராகப் பிடித்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் விரிவுரையில் கோட்பாட்டைச் சொல்வார். மூத்த மாணவரோ ஆய்வாளரோ நடத்தும் பயிற்சி வகுப்பில்தான் கணக்குப் போடுவார்கள். அந்த வகுப்பில் நடப்பது இது: அவர் ஒரு கணக்கைப் பலகையில் போட்டுவிட்டுத் திரும்பி, ஏதாவது கேள்வி உண்டா என்பார். சில நொடிகள் நிற்பார். யாரும் பேசாவிட்டால் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அந்தச் சில நொடிகள் உங்களுடையவை.

எப்படிக் கேட்பது? 'புரியவில்லை' என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. 'மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி எப்படி வந்தது?' என்று இடத்தைக் காட்டிக் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்ற பயம் இருந்தால் கேள்வியை முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டு வாசித்துவிடுங்கள். தமிழ் வழியில் படித்தவர் என்பதை அங்கே யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. உங்கள் வகுப்பில் உள்ள சீன, ஈரானிய, துருக்கிய மாணவர்களுக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது தலைப்பில் பாடத்தின் பெயர், உள்ளே உங்கள் பெயர், மாணவர் எண், ஒரே ஒரு கேள்வி, நீங்கள் முயன்று பார்த்தது என்ன என்று இரண்டு வரி. இவ்வளவு போதும். உதாரணமாக: 'பேராசிரியர் அவர்களுக்கு, நான் வெப்ப இயக்கவியல் பாடத்தின் மாணவி. 5-ஆம் பயிற்சித் தாளின் இரண்டாம் கணக்கில் எனக்கு எதிர்க்குறி விடை வருகிறது; என் வழிமுறையை இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமை சந்திப்பு நேரத்தில் வந்து பார்க்கலாமா?' இதை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம்; பேராசிரியர் என்ற பட்டமும் குடும்பப் பெயரும் போட்டால் அதுவே மரியாதை. வாரம் ஒருமுறை அவர்களுக்குச் சந்திப்பு நேரம் உண்டு; அது மாணவர்களுக்காகவே ஒதுக்கியது.

தேர்வைப் பற்றி நான்கு விஷயங்கள்:

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பாடத்தில் சேர்ந்தால் மட்டும் போதாது. கடைசித் தேதி தவறினால் அந்த செமஸ்டரில் எழுத முடியாது.

பதிவு செய்துவிட்டுக் காரணமின்றிப் போகாவிட்டால் பெரும்பாலும் தோல்வியாகவே கணக்கு. தயாராக இல்லை என்றால் குறித்த நாளுக்குள் பதிவை விலக்கிக்கொள்ளுங்கள். உடம்பு முடியாவிட்டால் அன்றே மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்குங்கள்.

ஒரு தேர்வுக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புகள். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தவறினால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வதிவிட அனுமதியும் ஆட்டம் காணும். எத்தனை அரியர் வைத்தாலும் எழுதி முடிக்கலாம் என்ற நம் ஊர் நினைப்பு அங்கே செல்லாது. இரண்டாம் முறை தவறியதும் துறையின் படிப்பு ஆலோசகரைப் போய்ப் பாருங்கள்.

மதிப்பெண் தலைகீழ். 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி.

சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது நம் கல்லூரிகளில் சகஜம். அங்கே அது மோசடி. இணையத்திலிருந்து எடுத்த ஒரு வாக்கியத்துக்கும் எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும்; முதல் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு, குளிர், தனிமை

மதியம் பல்கலைக்கழக உணவகத்தில் மாணவர் விலையில் சாப்பிடலாம். அதற்கு மென்சா என்று பெயர். சைவ உணவு தினமும் இருக்கும். இரவில் அறையில் சமைத்துக்கொள்ளுங்கள். களி கிண்டத் தெரிந்தவருக்குக் கேழ்வரகு மாவும் ஒரு கனமான பாத்திரமும் இருந்தால் எந்த ஊரும் ஊர்தான். 1980-களில் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் ஜெர்மனியின் பல நகரங்களில் கடை வைத்திருக்கிறார்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், தேங்காய் அங்கே கிடைக்கும். ஹாம் நகரில் அவர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. கோடைகாலத் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். பக்கத்து ஊரில் படித்தால் ஒருமுறை போய் வாருங்கள்.

குளிரைவிட இருட்டுதான் நம்மவர்களை வாட்டும். டிசம்பரில் பெர்லினில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ராத்திரி. தூக்கம் கெடும், காரணமில்லாமல் அழுகை வரும், யாரோடும் பேசப் பிடிக்காது. பலருக்கும் வருவதுதான் இது. உங்கள் மன உறுதிக் குறைவு அல்ல. பகலில் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். பல்கலைக்கழக விளையாட்டுக் குழு ஒன்றில் சேருங்கள். கபடி இல்லாவிட்டாலும் வாலிபால் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால் மாணவர் நல அமைப்பின் உளவியல் ஆலோசகரிடம் போங்கள். அங்கே ஆலோசனை பெரும்பாலும் இலவசம், விஷயம் வெளியே போகாது. நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 0800 1110111 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

இந்த எண்களைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்: உயிருக்கு ஆபத்து, தீ விபத்து என்றால் 112, போலீஸ் 110, அவசரமில்லாத நோய்க்கு இரவிலும் விடுமுறையிலும் மருத்துவர் வேண்டுமென்றால் 116117. சாதாரணக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடக் கூடாது. குடியிருக்கும் பகுதியில் ஒரு குடும்ப மருத்துவரை உடம்பு நன்றாக இருக்கும்போதே தேடி வையுங்கள்.

நிறத்தைப் பார்த்து இழிவாகப் பேசுபவர் அங்கும் உண்டு. நடந்தால் சும்மா விழுங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நாள், நேரம், இடம் குறித்து வைத்துப் பல்கலைக்கழகத்தின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகத்தில் சொல்லுங்கள். மிரட்டல் என்றால் போலீசிடம் போங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இந்தப் பக்கத்தை அம்மா அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஜெர்மனி நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. நீங்கள் காலை 6 மணிக்கு எழுந்து போன் போட்டால் அங்கே நடு இரவு. ஞாயிறு சாயங்காலம் என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. போன் எடுத்ததும் 'எப்போ வேலை, எப்போ பணம் அனுப்புவே' என்று கேட்காதீர்கள். கடன் இருப்பது பிள்ளைக்கும் தெரியும். 'ஒரு பாடத்தில் தவறிவிட்டேன்' என்று பிள்ளை சொன்னால் திட்டாமல் கேளுங்கள். திட்டுவீர்கள் என்று பயந்தால் அடுத்த முறை சொல்லாமல் மறைப்பார்கள். இரண்டாம் வாய்ப்பும் மூன்றாம் வாய்ப்பும் அப்படித்தான் போகும்.

மாணவர்களுக்கு ஒரு கடைசி வேண்டுகோள். முதல் செமஸ்டர் முடிந்ததும் நீங்கள் யாரிடம் என்ன கேட்டீர்கள், எந்தத் தாளுக்கு எத்தனை நாள் ஆனது, எந்த ஊரில் வாடகை எவ்வளவு என்பதை எல்லாம் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, நீங்கள் படித்த பாலக்கோட்டுப் பள்ளிக்கோ, பென்னாகரம் பள்ளிக்கோ, அரூர் கல்லூரிக்கோ அனுப்பி வையுங்கள். விடுமுறைக்கு வரும்போது அங்கே ஒரு மணி நேரம் போய்ப் பேசுங்கள். உங்களுக்குக் கேட்க ஆள் இல்லாமல் போனது. அடுத்து வரும் பிள்ளைக்கு நீங்கள் இருக்க வேண்டும்.